கிராம சபைத் தீர்மானமும் பதில் சொல்லும் கடமையும்

சிற்றூர்களின் ஆட்சியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதிகாரம், நிதி, தேர்தல் என்ற மூன்றைச் சுற்றியே நம் பேச்சு போகிறது. மூன்றும் பெரிய விஷயங்கள்தான். இன்று நான் எடுத்துக்கொள்வது அவற்றைவிடச் சிறியதாகத் தோன்றக்கூடிய ஒரு கேள்வி. ஓர் ஊர் கூடி ஒரு தீர்மானம் போடுகிறது. ஊராட்சிச் செயலர் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறார். வந்திருப்பவர்கள் கையெழுத்திடுகிறார்கள், கைநாட்டு வைக்கிறார்கள். அதன் பிறகு அந்தத் தீர்மானத்துக்கு என்ன ஆகிறது? யார் அதைப் படிக்கிறார்கள், யார் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? தமிழ்நாட்டுக் கிராம சபையின் பலவீனத்துக்கு மக்களின் அறியாமையையும் அக்கறையின்மையையும் காரணமாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது சரியல்ல என்பது என் வாதம். சபை சொன்னதற்குப் பதில் சொல்லும் கடமையைச் சட்டம் யார் தலையிலும் தெளிவாக வைக்கவில்லை; பலவீனத்தின் வேர் அங்கே இருக்கிறது.

முதலில் சட்டம் தந்திருப்பதைப் பார்ப்போம். அரசியல் சாசனத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் வழி வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன் 3ஆவது பிரிவு ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் ஒரு கிராம சபை உண்டு என்கிறது. ஊராட்சி எல்லைக்குள் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரும் அதன் உறுப்பினர்கள். ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, முந்தைய ஆண்டின் தணிக்கை அறிக்கையை ஏற்பது, திட்டப் பணிகளின் முன்னேற்றத்தைப் பார்வையிடுவது ஆகியவை சபையின் பணிகள். குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கு நாட்களில் கூடிவந்த சபை, 2022 முதல் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளிலும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளிலும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும் என்று அரசு அறிவித்தது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்று கோரமும் வகுக்கப்பட்டிருக்கிறது. கூட்டத்துக்கான பொருள் பட்டியல் சென்னையிலிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து ஒன்றியத்துக்கும், ஒன்றியத்திலிருந்து ஊராட்சிக்கும் வந்து சேர்கிறது. டெங்கு தடுப்பு, குடிநீர்ச் சிக்கனம், நெகிழி ஒழிப்பு, வேலை உறுதித் திட்டம் என்று பல பொருள்கள் வரிசையாக இருக்கும். ஊர் தானாக எழுப்பும் கோரிக்கைகள் பெரும்பாலும் கடைசியில், ‘இதர பொருள்கள்’ என்ற தலைப்பின் கீழ் வரும். மேலிருந்து கீழே வரும் வழி நன்றாகப் போடப்பட்டிருக்கிறது. கீழிருந்து மேலே போகும் வழியில்தான் சிக்கல்.

அந்தக் கடைசிப் பொருளின் கீழ் அடிக்கடி வரும் ஒரு கோரிக்கையைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். அது மயானப் பாதை. ஊருக்கும் சுடுகாட்டுக்கும் இடையில் ஒருவருடைய பட்டா நிலம் இருக்கும். அல்லது ஓர் ஓடை இருந்து மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். பிணத்தைத் தூக்கிக்கொண்டு நெற்பயிருக்குள் இறங்கி நடக்கும் நிலை இன்றைக்கும் எத்தனையோ சேரிகளுக்கும் சிற்றூர்களுக்கும் இருக்கிறது. சபையில் எழுந்து ஒருவர் இதைச் சொல்கிறார். எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதப்படுகிறது. இனி, பட்டா நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. அது வருவாய்த் துறையின் வேலை. பாதை புறம்போக்கில் இருந்து ஆக்கிரமிக்கப்பட்டிருந்தால் அளந்து காட்ட நில அளவையர் வர வேண்டும். அவர் ஊராட்சிக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். குறுக்கே வருவது ஏரியின் வரத்துக் கால்வாய் என்றால், அந்த ஏரியின் ஆயக்கட்டு 40 எக்டேருக்கு மேற்பட்டதா குறைந்ததா என்பதைப் பொறுத்து அது நீர்வளத் துறையின் பொறுப்பாகவோ ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பாகவோ இருக்கும். பாதை போய்ச் சேரும் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். ஆக, ஊரின் ஒரே தேவை நான்கு அலுவலகங்களில் சிதறிக் கிடக்கிறது. தீர்மானத்தின் நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போகிறது. அவர் ஊரக வளர்ச்சித் துறையைச் சேர்ந்தவர். வட்டாட்சியருக்குக் கடிதம் எழுதலாம், அதற்கு மேல் அவரால் கட்டாயப்படுத்த முடியாது. அடுத்த சபையில் அதே மனிதர் அதே கோரிக்கையை எழுப்பினால் மீண்டும் எழுதிக்கொள்வார்கள். மூன்றாவது முறை அவர் வராமல் இருந்தால் அதை அக்கறையின்மை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

சட்டம் இந்த இடத்தில் என்ன செய்கிறது என்று தேடிப் பார்த்தால் ஓர் ஏற்றத்தாழ்வு கண்ணில் படும். ஊராட்சியின் தீர்மானம் சட்டத்துக்குப் புறம்பானது என்றோ பொது அமைதிக்குக் கேடு விளைவிக்கும் என்றோ கருதினால் அதை நிறுத்திவைக்கவும் நீக்கவும் 202ஆவது பிரிவு ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் தருகிறது. 203ஆவது பிரிவு அவருக்கு நெருக்கடி கால அதிகாரங்களைத் தருகிறது. 205ஆவது பிரிவு ஊராட்சித் தலைவரைப் பதவி நீக்கும் நடைமுறையைச் சொல்கிறது. இவை தேவையற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. இவற்றில் ஒன்றின் தேவையைப் பிறகு நானே வலியுறுத்தப் போகிறேன். தீர்மானத்தை நீக்க ஒரு பிரிவு வைத்த சட்டம், தீர்மானத்தைப் பெற்றுக்கொண்ட துறை இத்தனை நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும் என்று ஒரு பிரிவை வைக்கவில்லை என்பதே என் குறை. இதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005உடன் வைத்துப் பாருங்கள். தனி ஒருவர் 10 ரூபாய்க் கட்டணம் கட்டி ஒரு கேள்வி கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தகுந்த காரணமின்றித் தாமதித்தால் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். அதே சட்டத்தின் 4ஆவது பிரிவு, நிர்வாக முடிவுகளால் பாதிக்கப்படுவோருக்கு அந்த முடிவுகளின் காரணங்களைத் தெரிவிக்கச் சொல்கிறது. தனி ஒருவருக்கு இந்த உரிமை இருக்கிறது. இருநூறு பேர் கூடி, கோரம் நிறைந்து, தலைமை தாங்க ஒருவர் இருந்து, பதிவேட்டில் ஏற்றி அனுப்பும் கேள்விக்கு இல்லை. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் தனியாக மனுக் கொடுப்பவருக்குக் கிடைக்கும் ஒப்புகைச் சீட்டுகூடச் சபைக்குக் கிடைப்பதில்லை. மக்களாட்சி நாட்டில் இது தலைகீழான ஏற்பாடு.

சபையின் சொல்லுக்குச் சட்டப்படி கேட்கும் காது ஒன்று இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நாட்டில் சான்று உண்டு. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் அமைப்பது பற்றிய வழக்கில், 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் அந்தக் கேள்வியைக் கிராம சபைகளின் முன் வைத்தது. ராயகடா, காலாகண்டி மாவட்டங்களைச் சேர்ந்த 12 சபைகள் கூடின. மழையில் நனைந்துகொண்டு டோங்கிரியா கோந்து பழங்குடி மக்கள் பேசினார்கள். மாவட்ட நீதிபதி ஒருவர் உடனிருந்து பார்த்தார். பன்னிரண்டும் மறுத்தன. 2014 ஜனவரியில் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் திட்டத்துக்கு அனுமதி மறுத்தது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. எனவே பழங்குடிப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் இங்கே செல்லாது. வன உரிமைச் சட்டம் பொருந்தும் மலைக் கிராமங்களை விட்டால், நம் சபைகளுக்கு அப்படிப்பட்ட இடம் கிடையாது. மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தின் அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பரில் மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு வெளியானது. அதே மாதம் 23ஆம் தேதி நடந்த கிராம சபைகளில் வட்டார ஊர்கள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மேலூர்ப் பகுதி மக்கள் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை இரத்து செய்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வெற்றியில் சபைத் தீர்மானத்தின் பங்கு அறத்தின் பங்கு மட்டுமே. சட்டத்தின் பங்கு அல்ல. ஆயிரக்கணக்கில் திரள முடிந்ததால் அந்த ஊர்களுக்குப் பதில் கிடைத்தது. திரள முடியாத சின்ன ஊருக்கு அதே கேள்வி வந்தால் என்ன ஆகும்? பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் கிராம சபை 2022 முதல் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டது. திட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்குக்குள் நான் இங்கே போகவில்லை. அந்தத் தீர்மானங்கள் ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு கூடிய எழுத்துப் பதில் அந்தச் சபையிலேயே வாசிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில் இரு தரப்பாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். அவற்றுள் மிகக் கனமானது சாதி பற்றியது. கிராமத்துக்கு அதிகாரம் என்றால் ஆதிக்கச் சாதிக்கு அதிகாரம் என்று பொருள், ஆகவே சபையின் குரலுக்கு வலுக் கூட்டுவது ஒடுக்கப்பட்டவர்களை மேலும் ஒடுக்கும் என்கிறார்கள். இதை எளிதில் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிச் சொன்ன கடுமையான சொற்களுக்குப் பின்னால் நூற்றாண்டுகளின் அனுபவம் இருந்தது. சில நாட்களில், நவம்பர் 22 அன்று, சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கே. சந்தானம் ஊராட்சிகளைப் பற்றிய திருத்தத்தைக் கொண்டுவந்தபோது அம்பேத்கர் அதை ஏற்றார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதுவே 40ஆவது உறுப்பு. நாம் பெருமையோடு சொல்லும் உத்திரமேரூரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பாது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகள் காட்டுவது, பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட ஒரு பிரமதேயத்தின் சபையை. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடையவர்களுக்கே குடவோலைத் தேர்வில் இடம் இருந்தது. நிலத்தில் உழைத்தவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. அந்தக் கல்வெட்டில் இன்றைக்கும் எடுத்துக்கொள்ளத் தக்க ஒன்று உண்டு: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வர முடியாது என்ற விதி. மற்றதை வரலாறாக மட்டும் படிப்பது நல்லது.

நம் காலத்துக்கு வருவோம். அரிட்டாபட்டி இருக்கும் அதே மேலூர் வட்டத்தில் இருக்கிறது மேலவளவு. தனி ஊராட்சியாக ஒதுக்கப்பட்ட அந்த ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டார்கள். தலித் ஒருவர் தலைவர் நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதே கொலைக்குக் காரணம். மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு தனி ஊராட்சிகளிலும் 1996இல் தொடங்கிப் பத்தாண்டுக் காலம் தேர்தல் நடத்தித் தலைவரைப் பதவியில் நிலைக்க வைக்க முடியவில்லை. வேட்புமனு இல்லை, மனுச் செய்து வென்றாலும் உடனே பதவி விலக வைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நீடித்தார்கள். இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டே நான் சபைக்கு வலுக் கேட்கிறேன். ஏனென்றால் அந்த ஊர்களில் தேர்தலைத் தடுத்தது கிராம சபை அல்ல. ஒரு சாதியார் மட்டும் கூடும் ஊர்க்கூட்டம். அதற்குப் பதிவேடு கிடையாது, வாக்காளர் பட்டியல் கிடையாது, சட்டப் பொறுப்பு கிடையாது. தலைவர் பதவியைக் கோயில் நன்கொடைக்கு ஏலம் விடும் கூட்டமும் அதுவே. ஊர்க்கூட்டத்தின் பலம் வாய்ச்சொல்லில் இருக்கிறது. கிராம சபையின் பலம் எழுத்தில்தான் இருக்க முடியும். பாப்பாபட்டியில் மாற்றம் வந்தபோது அதை நிகழ்த்தியது ஊரைக் கைவிட்ட அரசு அல்ல, திரும்பத் திரும்பத் தேர்தல் அறிவித்தும் ஊருக்குள் போய் உட்கார்ந்து பேசியும் தன் கடமையை விடாமல் செய்த நிர்வாகம். எழுத்துப் பதில் என்ற கடமை முதலில் உதவப் போவதும் ஒடுக்கப்பட்ட தெருவுக்குத்தான். ஊர்ப் பெரியவர்களின் கோரிக்கை நிறைவேற வேறு வழிகள் இருக்கின்றன. அலுவலரைத் தொலைபேசியில் அழைக்க அவர்களால் முடியும். காலனித் தெருவின் குடிநீர்க் குழாய்க்குத் தீர்மானப் புத்தகத்தைத் தவிர வேறு வழி இல்லை. அதை மறுப்பவர் தன் பெயர் எழுதி, காரணம் எழுதி மறுக்க வேண்டும் என்று வந்துவிட்டால், நீதிமன்றத்துக்கு எடுத்துப்போக ஓர் ஆவணமாவது கையில் இருக்கும். சபையே அநியாயமாக, ஒரு தெருவின் உரிமையைப் பறிக்கும்படி தீர்மானம் போட்டால்? அதற்குத்தான் 202ஆவது பிரிவு. அதன் தேவையை ஒப்புக்கொள்கிறேன் என்று முன்பே சொன்னேன்.

துறைகளின் வேலைப்பளு தாங்காது என்பது அடுத்த மறுப்பு. தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன, ஆறு முறை கூடினால் ஆண்டுக்குச் சுமார் 75,000 கூட்டங்கள் என்று கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஊராட்சி ஒன்றியங்கள் 388. சராசரியாக ஓர் ஒன்றியத்துக்கு 32 ஊராட்சிகள், ஆண்டுக்குச் சுமார் 190 கூட்டங்கள். சுற்றறிக்கையில் வந்த பொருள்களை விட்டுவிட்டு ஊர் தானாக எழுப்பும் தீர்மானங்களை மட்டும் கணக்கில் எடுத்தால், வட்ட அளவில் ஓர் எழுத்தர் பார்த்துக்கொள்ளக்கூடிய வேலை. வாரந்தோறும் தனித்தனி மனுக்களை வாங்கிப் பதிவு செய்யும் நிர்வாகத்துக்கு இது புதிய சுமை அல்ல. ஊரே சேர்ந்து கேட்டால் அதே கோரிக்கைக்கு வரும் பத்துத் தனி மனுக்கள் குறையும்.

ஊராட்சிக்குப் பணமே இல்லை, பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பவர்களும் உண்டு. பணம் குறைவு என்பது உண்மை. வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் சிறிய ஊராட்சியில் மின்கட்டணத்துக்கே போதுவதில்லை. 15ஆவது நிதிக்குழுவின் மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைக்கப்பட்டதால், மீதி 40 விழுக்காட்டில்தான் ஊர் தன் விருப்பப்படி செலவிட இடம் இருந்தது. ஆனால் ‘நிதி இல்லை’ என்பதும் ஒரு பதில். அது எழுத்தில் வந்தால் எந்தத் தலைப்பில் இல்லை, அடுத்த ஆண்டு வருமா, வேறு திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று ஊர் மேலே கேட்கலாம். எழுத்தில் வராத வரை, நிதி இல்லையா, மனம் இல்லையா, கோப்பே நகரவில்லையா என்று யாருக்கும் தெரியாது. பெரிய திட்டங்களில் ஊர் தடை போட்டுவிடும் என்ற அச்சத்துக்கும் இதே மறுமொழிதான். நான் கேட்பது தடுக்கும் அதிகாரம் அல்ல. ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை அரசுக்கு இருக்கட்டும். ஏன் முடியாது என்பதைச் சொல்லும் கடமையும் இருக்கட்டும்.

மக்கள் வருவதில்லை, வேலை உறுதித் திட்டத்துக்கு வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கிக் கோரத்தை நிரப்புகிறார்கள் என்ற குறை பரவலாகச் சொல்லப்படுகிறது. குறை நியாயமானது, காரணமும் விளைவும்தான் இடம் மாறியிருக்கின்றன. பேசியதற்கு விளைவு உண்டு என்று தெரிந்த இடத்துக்கு மக்கள் வருகிறார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் ஐந்தாண்டுப் பதவிக்காலம் உண்டு. கிராம சபைக்குப் பதவிக்காலம் கிடையாது. வாக்காளர் இருக்கும் வரை சபை இருக்கும். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 2019 டிசம்பர் தேர்தல் வரை தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊராட்சிகள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாமல், தனி அலுவலர்களின் கையில் இருந்தன. அந்தத் தேர்தலில் வந்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தபோது பெரும்பாலான மாவட்டங்களில் மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்கிறது 243E உறுப்பு. அது காற்றில் விடப்பட்டது வருத்தத்துக்குரியது. அப்படிப்பட்ட இடைவெளிகளில் ஊரின் குரலாக மிஞ்சுவது சபை ஒன்றே. வட்டார வளர்ச்சி அலுவலரே ஊராட்சியின் தனி அலுவலராகவும் உட்காரும்போது, சபையின் கோரிக்கையை எழுதுபவரும் பெறுபவரும் ஒருவராகிவிடுகிறார். பதில் சொல்லும் கடமை சட்டத்தில் இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் கேட்பாரே இல்லை.

இதைச் சரிசெய்ய டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. கிராம சபையின் அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றமே வகுக்கலாம் என்று 243A உறுப்பு சொல்கிறது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆவது பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்த்தால் போதும். சபையின் தீர்மானம் எந்தத் துறைக்குரியதோ அந்தத் துறையின் வட்ட அளவிலான அலுவலர், தீர்மானம் கிடைத்த 30 நாளுக்குள், ஏற்பதையோ மறுப்பதையோ காரணத்தோடு எழுதி அனுப்ப வேண்டும். ஊரக வளர்ச்சித் துறை மட்டுமின்றி வருவாய், நீர்வளம், நெடுஞ்சாலை, மின்வாரியம் என எல்லாவற்றுக்கும் இது பொருந்த வேண்டும். வந்த பதில்கள் அடுத்த சபையில் முதல் பொருளாக வாசிக்கப்பட வேண்டும். பதில் வராதவையும் ‘பதில் வரவில்லை’ என்றே வாசிக்கப்பட வேண்டும். சட்டத் திருத்தம் வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. இந்த அவையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஓர் ஊரில் வாக்கோ வேரோ இருக்கும். அடுத்த கிராம சபைக்குப் போங்கள், அல்லது ஊரில் இருக்கும் உறவினரைப் போகச் சொல்லுங்கள். சுற்றறிக்கைப் பொருளுக்குள் போகும் முன், போன கூட்டத்தின் தீர்மானங்களையும் அவற்றின் இன்றைய நிலையையும் வாசிக்கக் கேளுங்கள். வாசிக்க ஒன்றும் இல்லை என்றால், அந்தத் தீர்மானத்தின் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு மறுநாளே தகவல் அறியும் உரிமை மனு ஒன்றை அனுப்புங்கள். முப்பது நாளில் வரும் பதிலை அடுத்த சபையில் ஊரறியப் படியுங்கள்.